குவார்ட் என்றால் எந்தக் குவார்ட்?

அமெரிக்காவில் தோட்டம் போடுகிற நம்ம ஆட்கள் முதலில் தடுமாறுவது செடியிலோ பூச்சியிலோ இல்லை, மண் மூட்டையின் மேல் அச்சடித்திருக்கிற அளவில்தான். லிட்டர், மில்லி என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிவிட்டு இங்கே வந்து, கேலன், குவார்ட், பைன்ட், கன அடி எல்லாவற்றையும் ஒரே கடையில் பார்க்கும்போது, சரி, ஒரு தடவை மனப்பாடம் செய்துவிட்டால் போச்சு, நாலு குவார்ட் ஒரு கேலன், அவ்வளவுதானே என்று தோன்றும். நாலு குவார்ட் ஒரு கேலன் என்பது உண்மைதான். ஆனால் மண் மூட்டையில் போட்டிருக்கும் குவார்ட் வேறு, வாளியில் போட்டிருக்கும் கேலனின் நாலில் ஒரு பங்கான குவார்ட் வேறு.

அமெரிக்க முறையில் கொள்ளளவுக்கு இரண்டு தனி வரிசைகள் இருக்கின்றன. பால், எண்ணெய், பெட்ரோல் மாதிரி ஊற்றுகிற பொருளுக்கு ஒன்று, தானியம், பழம், மண் மாதிரி கொட்டுகிற பொருளுக்கு இன்னொன்று. இரண்டிலும் பெயர் அதே பைன்ட், அதே குவார்ட். திரவ குவார்ட் 57.75 கன அங்குலம், அதாவது 0.946 லிட்டர். உலர் குவார்ட் 67.2 கன அங்குலம், 1.101 லிட்டர். உலர் அளவு 16 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே பெரியது. பைன்ட்டுக்கும் இதே விகிதம்தான், திரவத்தில் 473 மில்லி, உலர் அளவில் 551 மில்லி.

இதை யாருக்காவது புரியவைக்க வேண்டுமென்றால் நான் குளிர்சாதனப் பெட்டியைத்தான் திறப்பேன். புளூபெர்ரியோ செர்ரி தக்காளியோ வாங்கின பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில், பண்ணைப் பெயருக்கும் பார்கோடுக்கும் நடுவில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் ‘ஒரு உலர் பைன்ட்’ என்று போட்டு அடைப்புக்குறிக்குள் 551 மில்லி என்று இருக்கும். பக்கத்திலேயே கிரீம் வாங்கின அட்டைப் பெட்டியில் ஒரு பைன்ட், 473 மில்லி. இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மூடியில் ‘உலர்’ என்ற சொல்லாவது இருக்கிறது. மண் மூட்டைகள் பலவற்றில் அதுகூட இருப்பதில்லை, வெறும் குவார்ட் என்று மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

ஏன் இப்படி இரண்டு என்று கேட்டால், இது இங்கிலாந்தில் ஆரம்பித்த வம்பு. அங்கே ஒயினுக்கு ஒரு கேலன், பீருக்கு ஒரு கேலன், தானியத்துக்குப் புஷல் என்கிற பெரிய கூடை அளவு ஒன்று என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1707-ல் ஆன் அரசி காலத்துச் சட்டம் ஒயின் கேலனை 231 கன அங்குலம் என்று நிலைப்படுத்தியது. இந்த எண்ணை எங்கிருந்து பிடித்தார்கள் என்று பலர் முழிப்பார்கள். 7 அங்குல விட்டம், 6 அங்குல உயரம் உள்ள உருளையை எடுத்து, பை மதிப்பை 22/7 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், துல்லியமாக 231 வரும். தானியத்துக்கான வின்செஸ்டர் புஷல் 18.5 அங்குல விட்டமும் 8 அங்குல ஆழமும் கொண்ட உருளை, 2150.42 கன அங்குலம். அதை 32 பங்கு போட்டால் உலர் குவார்ட். 1824-ல் பிரிட்டன் இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கிற ஒரே இம்பீரியல் கேலனைக் கொண்டுவந்து, ஊற்றுவதற்கும் கொட்டுவதற்கும் அதுவே போதும் என்று முடித்துவிட்டது. அமெரிக்காவோ 1832-ல், ஃபெர்டினாண்ட் ஹாஸ்லர் அளவுத் தரங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, கருவூலத் துறை வழியாகப் பழைய இரண்டையுமே உறுதி செய்துகொண்டது. பிரிட்டன் கைவிட்டதை அமெரிக்கா இன்னும் சுமக்கிறது, நாமும் வந்து அதில் மாட்டிக்கொண்டோம்.

சரி, கணக்குக்கு வருவோம். எங்கள் சமூகத் தோட்டத்தில் வசந்தம் வந்தால் மண்கலவை வாங்கும் பட்டியல் போடுகிற வேலை என்னிடம்தான் வரும். செடி வளர்க்கிற துணிப் பைகள், வாளிகள், மரச்சட்டப் பாத்திகள் என்று எல்லாம் கலந்திருக்கும். இதில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி: “அண்ணா, அஞ்சு கேலன் பைக்கு இருபது குவார்ட் மூட்டை ஒண்ணு வாங்கினா கரெக்டா இருக்கும்ல?” கடையில் வேலை செய்கிற பையனைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவான், குவார்ட் குவார்ட்தானே என்று. ஆனால் 5 திரவ கேலன் என்பது 18.9 லிட்டர். மூட்டையின் 20 குவார்ட் உலர் குவார்ட்டாக இருந்தால் 22 லிட்டர். அந்தப் பைக்கு 17.2 உலர் குவார்ட்டே போதும்.

ஒரு பைக்கு மூன்று லிட்டர் மிஞ்சினால் யாரும் கவலைப்படப் போவதில்லை, இன்னொரு தொட்டியில் கொட்டிவிடலாம். அதுவே 12 பைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு குவார்ட் ஒரு கேலன் என்று போட்டால் 240 குவார்ட் வரும், அதை உலர் குவார்ட்டாக வாங்கினால் 264 லிட்டர், 2 கன அடி மூட்டையாகச் சொன்னால் நாலு பற்றாமல் ஐந்தாவதும் எடுக்க வேண்டியிருக்கும். உண்மையில் வேண்டியது 227 லிட்டர்தான், அதாவது 8 கன அடி, நாலு மூட்டையில் முடிந்துவிடும்.

அதனால் நான் பட்டியல் போடும்போது குவார்ட்டிலிருந்து கேலனுக்கு நேராகத் தாவுவதே கிடையாது. எல்லாவற்றையும் முதலில் லிட்டருக்குக் கொண்டுவந்துவிடுவேன். மூட்டையில் குவார்ட் எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் ஓரத்தில் சின்ன எழுத்தில் லிட்டரும் பெரும்பாலும் இருக்கும், என் கண் நேராக அங்கேதான் போகும். லிட்டர் எண்ணை குவார்ட் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.1 வந்தால் அது உலர் குவார்ட், 0.95-க்குப் பக்கத்தில் வந்தால் திரவ குவார்ட். 8 குவார்ட் மூட்டையில் 8.8 லிட்டர் என்றிருந்தால் உலர் குவார்ட், 7.6 லிட்டர் என்றிருந்தால் திரவ குவார்ட். கன அடி போட்ட மூட்டையில் இந்தத் தொல்லையே இல்லை, கன அடிக்கு உலர், திரவம் என்ற பேதம் கிடையாது, எதை அளந்தாலும் அது 28.3 லிட்டர்தான். உலர் குவார்ட்டில் சொன்னால் 25.7, திரவ குவார்ட்டில் 29.9. சில மூட்டைகளில் 1 கன அடி, 25.7 குவார்ட், 28.3 லிட்டர் என்று மூன்றும் வரிசையாக இருக்கும். அதை ஒரு தடவை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மற்ற எல்லா மூட்டைக்கும் அதுவே வாய்ப்பாடு.

கடையில் நின்றுகொண்டு மனக்கணக்குப் போட வேண்டும் என்றால் ஒரு சுருக்கு வழி உண்டு. ஆறு உலர் அளவு ஏழு திரவ அளவுக்குச் சமம். குவார்ட்டோ பைன்ட்டோ, எதுவானாலும் சரி. உண்மையான விகிதம் 1.1637, ஏழின் கீழ் ஆறு 1.1667, வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. தோட்ட வேலைக்கு இதைவிடத் துல்லியம் கேட்பது வீண்.

எக்செல்லில் பட்டியல் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் கன்வெர்ட் ஃபங்ஷனில் இருக்கும் பைன்ட், குவார்ட், கேலன் மூன்றும் திரவ அளவுகள். பிரிட்டிஷ் அளவுக்குத் தனிக் குறியீடு உண்டு, உலர் குவார்ட்டுக்குக் கிடையாது. ஆனால் புஷல் இருக்கிறது. அதனால் உலர் குவார்ட்டை 32-ஆல் வகுத்துப் புஷலாக்கி, அங்கிருந்து லிட்டருக்கு மாற்றச் சொல்லிவிடலாம், விடை சரியாக வரும். இணையத்தில் கிடைக்கிற பல கன்வெர்ட்டர்களிலும் வெறுமனே குவார்ட் என்று அடித்தால் அது திரவம் என்றே எடுத்துக்கொள்ளும், ஒரு வார்த்தை கேட்காது.

அப்புறம் பாத்திரத்தின் பக்கம். மூட்டையைச் சரியாகப் படித்துவிட்டு தொட்டியில் கோட்டைவிடுவது இன்னொரு ரகம். துணிப் பையிலும் வாளியிலும் போட்டிருக்கும் கேலன் ஏறக்குறைய நிஜமான திரவ கேலன்தான். 12 அங்குல விட்டம், 10 அங்குல உயரம் உள்ள ஒரு பையை எடுத்துக்கொண்டால் கொள்ளளவு 1131 கன அங்குலம், 231-ஆல் வகுத்தால் 4.9 கேலன். ஐந்து கேலன் என்று விற்கிறார்கள், நியாயம்தான். ஆனால் நாற்றுப் பண்ணைகளில் செடியோடு வருகிற கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதே, ‘ஒரு கேலன் தொட்டி’ என்று எல்லாரும் வாய் நிறையச் சொல்வது, அது ஒரு கேலன் பிடிக்கவே பிடிக்காது. உள்ளே பிளாஸ்டிக் உறையை விரித்து, லிட்டர் கோடு போட்ட ஜாடியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு லிட்டர் வரை சாதுவாக ஏறியது, மூன்றாவது லிட்டரில் முக்கால்வாசி இறங்கியதுமே விளிம்பில் தண்ணீர் தளும்பி உறையின் ஓரம் வழியாக வழிய ஆரம்பித்துவிட்டது. நிஜ கேலன் 3.785 லிட்டர், இது முக்கால் கேலன்தான் தேறும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும், அதனால்தான் முறையான பட்டியல்களில் கேலன் என்று எழுதாமல் ஒன்றாம் எண், மூன்றாம் எண், ஐந்தாம் எண் என்று தொட்டியின் எண்ணை மட்டும் போடுவார்கள். நாம்தான் அதைப் பார்த்துவிட்டு அத்தனை கேலன் என்று பெருக்கிக்கொண்டிருப்போம்.

தொட்டி வடிவம் கோணல்மாணலாக இருந்தால் சூத்திரம் தேடி அலையாதீர்கள், இதே தண்ணீர் வைத்தியம்தான். ஜாடி இல்லையென்றால் தராசு போதும், ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர். பவுண்டும் அவுன்ஸும் உள்ளே நுழையாதபடி தராசை கிராமுக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் மண் கணக்கு தண்ணீர்க் கணக்கு மாதிரி முடிவதில்லை, எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். தண்ணீரை எப்படி ஊற்றினாலும் அதன் கொள்ளளவு மாறாது. கொட்டுகிற பொருளை அளக்கும்போது, நடுவே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். புதுக் கலவையை விளிம்பு வரை நிரப்பி நன்றாகத் தண்ணீர் விட்டால் மறுநாள் சில அங்குலம் இறங்கியிருக்கும். வெயிலில் கிடந்த மூட்டை உள்ளேயே இறுகிப்போயிருக்கும், கொட்டி, கையால் உதிர்த்துவிட்டால்தான் அச்சடித்த அளவுக்கு வரும். அந்த உதிர்க்கிற வேலையைச் செய்யாமல் மூட்டையில் அளவு குறைகிறது என்று கடையில் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டால்தான் தண்ணீர் நிற்கும் என்பதால், இறங்குவதும் காலி விடுவதும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். நான் கணக்கில் வருவதற்கு மேல் ஒரு சின்ன மூட்டை கூடுதலாக எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். பெரிய பாத்திக்குக் குவார்ட் பக்கமே போக வேண்டாம். நாலடி அகலம், எட்டடி நீளம், பத்து அங்குல ஆழம் என்றால் 26.7 கன அடி, ஒரு கன கெஜத்துக்கு 27 கன அடி என்பதால் லாரியில் ஒரு கன கெஜம் சொல்லிவிட்டால் ஒரு பாத்தி நிரம்பிவிடும்.

அழுத்திக் கட்டிய பீட் மாஸ், அதாவது மண்கலவையில் சேர்க்கிற சதுப்பு நிலப் பாசி மட்கு, இன்னும் பெரிய வேடிக்கை. 3.8 கன அடி என்று போட்டிருப்பது அழுத்திய நிலையில் உள்ள அளவு. உடைத்துத் தளர்த்தினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகும். உலர் குவார்ட்டா திரவ குவார்ட்டா என்று 16 சதவீதத்துக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டுவிட்டு, இங்கே இரட்டிப்பாகிற அளவைக் கவனிக்காமல் விட்டால் என்ன பிரயோஜனம்? கலவை விகிதம் சொல்லும்போது ஒரு பங்கு பீட், ஒரு பங்கு கம்போஸ்ட், ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இலேசாக்கும் வெள்ளைக் குருணை) என்றால், தளர்த்திய பிறகு ஒரே வாளியால் தலைதட்டி அளந்த பங்குதான். அப்படி ஒரே வாளியை வைத்துக்கொண்டு அளந்தால் எந்த அலகும் தேவையே இல்லை. பழைய புஷலிலேயே தலைதட்டியது, குவித்தது என்ற வித்தியாசம் பெரிதாக இருந்திருக்கிறது. 2150.42 கன அங்குலம் என்பது தலைதட்டிய புஷல். ஆப்பிள் மாதிரி பெரிய பழங்களைக் குவித்து அளக்கிற புஷலை அமெரிக்க வழக்கில் 2747.7 கன அங்குலம் என்று வைத்திருந்தார்கள், கால் பங்குக்கும் மேல் அதிகம்.

கப் விஷயத்தில் மட்டும் நிம்மதியாக இருக்கலாம். உலர் கப், திரவ கப் என்று கடையில் இரண்டு வகை விற்பதைப் பார்த்துவிட்டு, உரத்தைப் போட உலர் கப் பெரியது, திரவ கப் சின்னது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை, இரண்டுமே 236.6 மில்லிதான். ஒன்று விளிம்போடு தலைதட்ட வசதியாக இருக்கும், இன்னொன்றில் சிந்தாமலிருக்க மேலே இடம்விட்டுக் கோடு போட்டிருக்கும், வடிவத்தில்தான் வித்தியாசம். உலர், திரவம் என்ற பிளவு பைன்ட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கப்பிலும் கரண்டியிலும் உள்ள உண்மையான ஆபத்து அவுன்ஸ்தான். திரவ அவுன்ஸ் கொள்ளளவு, 29.6 மில்லி. வெறும் அவுன்ஸ் எடை, 28.35 கிராம். தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதால் எல்லாவற்றுக்கும் அப்படியே வரும் என்ற மயக்கம் உண்டாகிறது. குருணை உரத்தை எட்டு அவுன்ஸ் போடச் சொல்லியிருந்தால் தராசை எடுங்கள், கப்பை எடுக்காதீர்கள்.

திரவ உரத்தில் ஒரு கேலனுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று போட்டிருந்தால் 3.785 லிட்டருக்கு 14.8 மில்லி, லிட்டருக்கு நாலு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் எழுதிய பழைய குறிப்பாக இருந்தால் கேலன் 4.546 லிட்டர். ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் மேசைக்கரண்டியே 20 மில்லி. நாட்டைப் பார்க்காமல் கரண்டியை நம்பினால் உரம் முப்பது சதவீதத்துக்கு மேல் கூடிப்போகும், இளம் நாற்றுக்கு அது தாங்காது.

அறுவடைக்குப் பிறகு இந்தக் குழப்பம் சமையலறைக்குள்ளும் வரும். தக்காளியைப் புஷல் கணக்கில் வாங்கி ஜாடியில் பதப்படுத்துகிறவர்கள் எத்தனை குவார்ட் ஜாடி வாங்குவது என்று கேட்பார்கள். ஒரு புஷல் 32 உலர் குவார்ட், ஆறுக்கு ஏழு என்று மாற்றினால் 37 திரவ குவார்ட், ஜாடி திரவ அளவு, எனவே 37 ஜாடி. கணக்கில் தப்பே இல்லை, ஆனால் பாதி ஜாடி காலியாகத்தான் நிற்கும். அமெரிக்க வேளாண் துறையின் பதப்படுத்தும் கையேடு ஒரு புஷல் தக்காளி 53 பவுண்டு என்றும், அதிலிருந்து 15 முதல் 21 குவார்ட் ஜாடி தேறும் என்றும் சொல்கிறது, சராசரியாக ஜாடிக்கு 3 பவுண்டு. கூடையில் பழங்களுக்கு நடுவே இருந்த காற்று ஜாடிக்குள் வராது, தோலும் போய்விடும், அழுத்தினால் பழமும் இடத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கொட்டுகிற பொருளை ஊற்றுகிற அளவுக்கு மாற்ற வேண்டிய இடங்களில் நான் கொள்ளளவை விட்டுவிட்டு எடைக்குத்தான் போவேன், பவுண்டை மூன்றால் வகுத்தால் ஜாடி எண்ணிக்கை வந்துவிடும்.

தானிய வியாபாரிகள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். சிகாகோ சந்தையில் மக்காச்சோளம் புஷலுக்கு இவ்வளவு என்று செய்தியில் வரும்போது யாரும் 35.2 லிட்டர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அளப்பதில்லை. அங்கே மக்காச்சோளத்தில் ஒரு புஷல் 56 பவுண்டு, கோதுமையிலும் சோயாவிலும் 60 பவுண்டு, ஓட்ஸில் 32 பவுண்டு என்று எடையாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு மெட்ரிக் டன்னுக்கு மக்காச்சோளம் 39.37 புஷல், கோதுமை 36.74 புஷல். அந்த விலையை லிட்டருக்கு மாற்றப் பார்க்கிறவர்கள் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.